எத்தனை காதுகளுக்கு ஒரு மிக்ஸர்?

பாடகி, வயலின், மிருதங்கம், கடம், பின்னால் தம்புரா. சபா மேடையில் ஐந்து பேருக்கும் ஐந்து மைக்குகள். பாடகிக்குத் தன் குரலும் சுருதியும் மானிட்டர் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்க வேண்டும். மிருதங்கம் தேவையில்லை, அது கைக்கெட்டும் தூரத்திலேயே ஒலிக்கிறது. மிருதங்க வித்வானுக்குப் பாட்டும் வயலினும் வேண்டும். அவருக்குப் பதில் சொல்லும் கட வித்வானுக்கு மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். அரங்கில் இருப்பவருக்கு எல்லாம் அளவோடு. வீட்டில் நேரலை கேட்பவருக்கோ வேறு விகிதம்: மேடையிலிருந்து காற்று வழியே நேராக வரும் ஒலி எதுவும் அவருக்குக் கிடைக்காது, எல்லாவற்றையும் கம்பி வழியாகவே அனுப்பியாக வேண்டும். மைக் ஐந்துதான். அவற்றிலிருந்து ஒரே நேரத்தில் ஐந்து வெவ்வேறு கலவைகள் பிறக்க வேண்டும்.

மிக்ஸர் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சேனல்?" என்பதுதான். வாங்குபவரும் மைக்குகளை எண்ணி, இரண்டைக் கூட்டி, ஒரு எண்ணைச் சொல்கிறார். உள்ளே வருவதை எண்ணியாயிற்று. வெளியே போவதை யாரும் எண்ணுவதில்லை. கோயில் விழாவோ, மெல்லிசைக் குழுவோ, தேவாலயப் பாடகர் குழுவோ, வாங்கிய ஆறு மாதத்தில் "இந்த மிக்ஸர் போதவில்லை" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டாவது எண்தான் என்பது என் உறுதியான எண்ணம். எத்தனை காதுகளுக்கு, எத்தனை விதமாக அனுப்ப வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினால், எந்த மிக்ஸர் என்ற கேள்விக்குப் பாதி விடை தானாக வந்துவிடும்.

மீதிப் பாதி, மைக் கம்பி மிக்ஸருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. இயற்பியல் மிகுந்த இடம் அது, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

மேடைகளில் எங்கும் காணப்படும் ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கின் முன்னால் 94 டெசிபெல் அளவுக்கு ஒலி எழுந்தால், அது தரும் மின்னழுத்தம் 2 மில்லிவோல்ட்டைத் தொடாது. கச்சேரிப் பாடகர் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்வார். அப்போது ஒரு மில்லிவோல்ட் கிடைப்பதே அரிது. தொழில்முறைக் கருவிகள் தமக்குள் ஒலியைப் பரிமாறிக்கொள்ளும் மட்டமோ 1.23 வோல்ட். ஆக, வந்ததை ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கியாக வேண்டும். டெசிபெல் கணக்கில் 60க்கு மேல். இந்த வேலையைச் செய்வதுதான் ஒவ்வொரு சேனலின் தலையிலும் இருக்கும் ப்ரீஆம்ப். கெயின் என்று எழுதிய குமிழ் அதனுடையது.

ஆயிரம் மடங்கு பெருக்கும்போது ஒலியோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். இங்கே இயற்கையே ஓர் எல்லைக்கோடு போட்டிருக்கிறது. எந்த மின்தடையும், அதில் யாரும் மின்சாரம் செலுத்தாவிட்டாலும், வெப்பத்தால் அதன் எலக்ட்ரான்கள் அலைபாய்வதால் சிறிதளவு இரைச்சலை எழுப்பிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார். ஹாரி நைக்விஸ்ட் காரணத்தை விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. மைக்கும் ஒரு மின்தடைதான். 150 ஓம் மின்தடையில், சாதாரண அறை வெப்பத்தில், நம் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்குள், இந்த இரைச்சல் சுமார் 0.22 மைக்ரோவோல்ட். 0.775 வோல்ட்டைப் பூஜ்யமாகக் கொள்ளும் டிபியு அளவுகோலில் இது மைனஸ் 131. எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கோட்டுக்குக் கீழே போக வழி கிடையாது.

இப்போது மிக்ஸரின் விவரத்தாளைப் பாருங்கள். ஈஐஎன் என்ற பெயரில், ப்ரீஆம்ப் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலையும் கணக்கில் கொண்ட ஓர் எண் இருக்கும். நடுத்தர விலை மிக்ஸர்களிலேயே இன்று அது மைனஸ் 128 அளவில் வந்துவிட்டது. இயற்கையின் எல்லைக்கும் அதற்கும் 3 டெசிபெல்தான் இடைவெளி. ஐம்பது ஆண்டுகளில் மின்னணுவியல் நமக்குத் தந்த மிகப் பெரிய வரம் இது. ஆகையால் "இரைச்சலே இல்லாத ப்ரீஆம்ப்" என்று சொல்லி இரட்டிப்பு விலை கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும்: அந்த எண் பெரும்பாலும் கெயினை முழுதாகத் திருப்பி வைத்து அளந்தது, பாதியில் வைத்தால் மலிவான சுற்றுகள் அவ்வளவு நன்றாக நடந்துகொள்வதில்லை, காதின் உணர்திறனுக்கு ஏற்ப எடைபோட்டு அளந்திருந்தால் எண் சில டெசிபெல் அழகாகத் தெரியும். இரண்டு மிக்ஸர்களை ஒப்பிடும்போது ஒரே விதமாக அளந்த எண்களைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

பிறகு எதற்குத்தான் நல்ல ப்ரீஆம்ப்? இரைச்சலின் எதிர்முனைக்கு. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் ஒரு சாப்பு, அதற்கு முந்தைய நொடியில் இருந்த ஒலியைவிடப் பல மடங்கு உயரத் தாவும். அந்தத் தாவலுக்கு மேலே இடம் வைத்திருக்கும் சுற்று அதை அப்படியே விடும். இடமில்லாத சுற்று அலையின் உச்சியை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட ஒலி தட்டையாக, கரகரப்பாகக் கேட்கும். அனலாக் சுற்று வெட்டுவதற்கு முன் கொஞ்சம் இசைந்து கொடுக்கலாம். டிஜிட்டலாக மாற்றும் பகுதிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது, அதன் உச்ச எண்ணைத் தாண்டிய எதுவும் தட்டையாகப் போய்விடும். டிஜிட்டல் மிக்ஸரில் வழக்கமான மட்டத்தை உச்சிக்கு 18 அல்லது 20 டெசிபெல் கீழே வைத்து வேலை செய்வது அதனால்தான். மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் நல்ல ஒலி என்ற டேப் காலத்துப் பழக்கம் இங்கே கேடு.

மைக் கம்பியும் இதே வாசல் விஷயம்தான். மேடையிலிருந்து மிக்ஸர் வரை ஐம்பது மீட்டர் ஓடும் கம்பி, வழியில் சீரியல் விளக்குகள், டிம்மர்கள், ஜெனரேட்டர் எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறது. எக்ஸ்எல்ஆர் இணைப்பின் மூன்று முனைகளில் ஒன்று தரை. மற்ற இரண்டில் ஒலியலை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகிறது. வழியில் ஒட்டிய ரீங்காரமோ இரு கம்பிகளிலும் ஒரே திசையில் இருக்கும். மிக்ஸர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது ரீங்காரம் தன்னைத்தானே கழித்துக்கொள்கிறது. இந்தக் கழித்தல் எவ்வளவு துல்லியமாக நடக்கிறது என்பதில் மலிவான மிக்ஸருக்கும் நல்ல மிக்ஸருக்கும் நிஜமான வேறுபாடு உண்டு. கடையில் அது தெரியாது. திருவிழா மேடையில் முதல் நிமிடத்திலேயே தெரியும்.

அதே இரண்டு கம்பிகள் கண்டென்சர் மைக்குக்கு மின்சாரத்தையும் எடுத்துச் செல்கின்றன. ஃபேண்டம் என்று அழைக்கப்படும் இந்த மின்சாரம் ஏன் 48 வோல்ட்? 1966இல் நார்வே வானொலி, டிரான்சிஸ்டரில் இயங்கும் மைக்குகளைக் கம்பி வழி மின்சாரத்தில் ஓட்டித் தர வேண்டும் என்று ஜெர்மனியின் நாய்மன் நிறுவனத்திடம் கேட்டது. அந்த வானொலியின் ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள், உலகத் தரமாகிவிட்டது. வாங்கும்போது பார்க்க வேண்டியது, ஃபேண்டத்தை ஒவ்வொரு சேனலுக்கும் தனியாகப் போட முடிகிறதா என்பதை. சிறிய மிக்ஸர்களில் ஒரே பொத்தான் எல்லா மைக்குகளுக்கும் சேர்த்து இருக்கும். அந்த நிலையில் மைக்கைக் கழற்றி மாட்டினால் ஸ்பீக்கரில் வெடி வெடிக்கும்.

வீணைக்கு வேறொரு சங்கதி. வீணையில் ஒட்டப்படும் பீசோ பிக்கப் மின்சாரக் கணக்கில் ஒரு மின்தேக்கி. ஐந்து நானோஃபாரட் கொண்ட ஒரு பிக்கப்பை 10,000 ஓம் உள்ள சாதாரண லைன் நுழைவாயிலில் செருகினால், இரண்டும் சேர்ந்து சுமார் 3,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் மெலியவைக்கும் வடிகட்டியாகிவிடும். வீணையின் உடல் முழுவதும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. தகரம் போல ஒலிப்பது இதனால்தான். பிக்கப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து லட்சம் ஓம் நுழைவாயிலில் செருகினால் அதே வெட்டு 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஹை-இசட் என்று குறித்த ஒரு நுழைவாயிலாவது மிக்ஸரில் இருக்க வேண்டும், அல்லது நடுவில் வைக்க ஆக்டிவ் டிஐ பெட்டி ஒன்று வாங்க வேண்டும்.

ஒவ்வொரு சேனலிலும் கீழ்ச்சுரங்களை வெட்டும் ஃபில்டர் இருக்கிறதா, அது நிலையானதா, நகர்த்தக்கூடியதா என்றும் பாருங்கள். மேடைப் பலகையின் அதிர்வு, மைக்கில் படும் மூச்சு, மின்விசிறிக் காற்று எல்லாம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குவிந்திருக்கின்றன. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்திர பஞ்சமம் 147. அவருக்கு 100இல் வெட்டினால் இசைக்கு ஒரு குறையும் வராது. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அங்கே 100இல் நிலையாக வெட்டும் பொத்தானை அழுத்தினால் மந்திரத்தில் இறங்கி நிற்கும் இடத்தின் கனம் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கும் அதே கதிதான். நகர்த்தக்கூடிய ஃபில்டருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். சுர நிறத்தைச் சரிசெய்யும் ஈக்யூவிலும் அப்படியே: எந்த அலைவரிசையை, எவ்வளவு அகலத்தில் தொடுவது என்று நாமே தீர்மானிக்கும் பாராமெட்ரிக் முறையை ஜார்ஜ் மாசன்பர்க் 1972இல் ஒரு கட்டுரையாக முன்வைத்தார். மைக் விசிலடிக்கும் ஒற்றைச் சுரத்தை மட்டும் மெல்லியதாகக் கிள்ளி எடுக்க அதைப் போல உதவுவது வேறில்லை.

கெயினைச் சரியாக வைப்பதற்கும், ஒலியளவை ஏற்றி இறக்கக் கீழே இருக்கும் ஃபேடருக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிவதில்லை. 100 மில்லிமீட்டர் ஓடும் ஃபேடரில் பூஜ்யம் முக்கால் உயரத்தில் இருக்கும். பெஹ்ரிங்கரின் எக்ஸ்32 டிஜிட்டல் மிக்ஸரை எடுத்துக்கொண்டால், மைனஸ் 10 சரிபாதியில், மைனஸ் 30 கால் உயரத்தில். அதாவது மேல் பாதியில் விரலை இரண்டரை மில்லிமீட்டர் நகர்த்தினால் ஒரு டெசிபெல் மாறும். கீழே மைனஸ் 30க்கும் மைனஸ் 60க்கும் இடையே அதே நகர்வு நான்கு டெசிபெல் ஆகிவிடும். கெயினை அதிகமாக வைத்துவிட்டு ஃபேடரைத் தரையோடு தரையாக ஓட்டுகிறவரின் கையில், ஆலாபனை நடுவே பாடகியின் குரல் எகிறுவதும் மங்குவதும் இதனால்தான். குட்டி மிக்ஸர்களில் ஃபேடர் 60 மில்லிமீட்டரே இருக்கும், சிலவற்றில் குமிழ் மட்டும். பேச்சுக் கூட்டத்துக்குப் போதும். கச்சேரிக்கு முழு நீள ஃபேடர் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இப்போது வெளியே போகும் வழிகள். ஓர் ஏரியின் தண்ணீர் பல மதகுகள் வழியாகப் பல வாய்க்கால்களுக்குப் போவதைப் போல, ஒவ்வொரு சேனலின் ஒலியும் ஆக்ஸ் எனப்படும் வழிகளில் தனித்தனி அளவில் திறந்துவிடப்படுகிறது. ஒவ்வோர் ஆக்ஸும் ஒரு தனிக் கலவை. அதில் இரண்டு வகை. ஃபேடருக்கு முன்னாலேயே பிரிவது மானிட்டருக்கு. அரங்கத்துக்காக ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் பாடகரின் மானிட்டர் அசையாது. ஃபேடருக்குப் பின்னால் பிரிவது எதிரொலி போன்ற எஃபெக்டுகளுக்கு. குரலைக் குறைத்தால் அதன் எதிரொலியும் கூடவே குறைய வேண்டுமல்லவா. மலிவான மிக்ஸர்களில் எது எந்த வகை என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகி இருக்கும். மாற்ற முடியாது.

சிறிய அனலாக் மிக்ஸரில் ஆக்ஸ் இரண்டு முதல் நான்கு இருக்கும். அதிலும் ஒன்றை உள்ளே இருக்கும் எஃபெக்ட் எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன கச்சேரிக்கு மூன்று மானிட்டர், ஒரு நேரலை, ஓர் எஃபெக்ட் என்று எண்ணினாலே அது முடிந்துவிடுகிறது. மெல்லிசைக் குழுவில் ஆறு பேர் காதில் செருகும் மானிட்டர் வைத்துக்கொண்டு ஸ்டீரியோவில் கேட்க விரும்பினால் பன்னிரண்டு வழிகள் வேண்டும். எஃபெக்டுக்கு இரண்டு, நேரலைக்கு இரண்டு. பதினாறு. எக்ஸ்32 2012இல் வந்தபோது சிறு குழுக்களை அப்படி ஈர்த்ததற்கு 32 மைக் நுழைவாயில்களைவிட, உள்ளே இருந்த 16 கலவை வழிகளே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பெட்டியின் மேல் எழுதிய சேனல் எண்ணிக்கையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. யமஹாவின் எம்ஜி16 வகையில் 16 என்பது மொத்த நுழைவாயில்கள். மைக் செருகக்கூடியவை 10. மீதி, கீபோர்டு போன்ற ஸ்டீரியோ கருவிகளுக்கு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விவரத்தாளில் தெளிவாகவே இருக்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பதினொன்றாவது மைக்குக்கு இடமிருக்காது.

நிறைய மைக் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பட்டிமன்ற மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவர் ஒருவர், அணிக்கு மூவர், ஏழு மைக்குகள். ஏழையும் திறந்தே வைத்தால், ஒன்றை மட்டும் திறந்திருந்தபோது கிடைத்த ஒலியளவில் எட்டு டெசிபெல்லுக்கு மேல் இழந்தால்தான் மைக் விசிலடிக்காமல் இருக்கும். திறந்த மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் போகிறது. ஸ்பீக்கரின் ஒலி ஏழு வாசல்கள் வழியே திரும்ப உள்ளே வருவதே காரணம். சான்பிரான்சிஸ்கோவில் நாடக ஒலியமைப்பாளராக இருந்த டான் டூகன் 1970களில் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார். எல்லா மைக்குகளின் மொத்த ஒலியில் ஒவ்வொரு மைக்கின் பங்கு எவ்வளவோ, அந்த அளவுக்கே அதற்குப் பெருக்கம் கிடைக்கும். பேசுகிறவரின் மைக் தானாக முன்னே வரும், மற்றவை பின்வாங்கும், மொத்தம் எப்போதும் ஒரே ஒரு மைக் திறந்திருப்பதற்குச் சமம். யாரும் ஃபேடரைத் தொடாமலே இது நடக்கும். இன்று யமஹாவின் சில டிஜிட்டல் மிக்ஸர்களில் டூகன் பெயரிலேயே இந்த வசதி இருக்கிறது. பட்டிமன்றம், கவியரங்கம், கருத்தரங்கம் என்று பேச்சு மேடைகளையே பெரும்பாலும் நடத்துபவர் வேறு எந்த எஃபெக்டையும்விட இதைத்தான் தேட வேண்டும். கச்சேரியில் அதைப் போட்டுவிடக் கூடாது. பாட்டு ஓங்கும்போது வயலின் பின்வாங்கினால் அது இசைக்குச் செய்யும் துரோகம்.

அனலாக்கா, டிஜிட்டலா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். மேற்சொன்ன கலவை வழிகளின் கணக்கைப் போட்டால் நான்கைந்தைத் தாண்டியவர் எல்லோருக்கும் விடை டிஜிட்டல்தான்; அத்தனை வழிகளை அனலாக்கில் கட்டினால் எடையும் விலையும் தாங்காது. கட்டைவிரல் தடிமனில் கனக்கும் மல்டிகோர் கம்பிக்குப் பதிலாக மேடையில் ஒரு பெட்டி, அங்கிருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கம்பி. மார்கழியில் ஒரே மேடையில் ஒரே நாளில் பல கச்சேரிகள் நடக்கும் சபாவுக்கு, ஒவ்வொரு குழுவின் அமைப்பையும் சேமித்து வைத்து ஒரு பொத்தானில் திரும்பக் கொண்டுவருவது பெரிய நிம்மதி.

தாமதம் பற்றிய பயம் மட்டும் கொஞ்சம் விளக்கத்துக்கு உரியது. ஒலியை எண்ணாக்கி, கணக்குப் போட்டு, திரும்ப ஒலியாக்க இன்றைய மிக்ஸர்களில் ஒன்று முதல் இரண்டு மில்லிநொடி ஆகலாம். சென்னை வெப்பத்தில் ஒலி ஒரு மில்லிநொடியில் 35 சென்டிமீட்டர் போகும். ஆக இரண்டு மில்லிநொடித் தாமதம் என்பது மானிட்டர் ஸ்பீக்கரை 70 சென்டிமீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். யாருக்கும் தெரியாது. காதில் செருகும் மானிட்டரில்தான் கதை மாறுகிறது. பாடகர் தன் குரலை மண்டையோட்டு எலும்பு வழியாக உடனே கேட்கிறார். அதோடு ஒரு மில்லிநொடி பிந்திய அதே குரல் சேரும்போது 500 ஹெர்ட்ஸில் இரண்டும் எதிரெதிர் நிலையில் மோதிக் கரைகின்றன, மறுபடி 1,500இல், 2,500இல். குரல் குழாய்க்குள் இருந்து வருவது போலத் தோன்றும். பாடகர் "என் குரல் என்னவோ போல இருக்கிறது" என்றால் அது மனப்பிரமை இல்லை. மிக்ஸர், மேடைப் பெட்டி, டிஜிட்டல் வயர்லெஸ் மூன்றின் தாமதத்தையும் கூட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

96 கிலோஹெர்ட்ஸில் ஓடும் மிக்ஸர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு, கணக்கு சீக்கிரம் முடிகிறது. ஒலித்தரத்துக்காக மட்டும் 96க்குப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 48 கிலோஹெர்ட்ஸே 24,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடுகிறது. மனிதக் காது அவ்வளவு தூரம் போவதில்லை.

நம் ஊரில் டிஜிட்டல் மிக்ஸரின் உண்மையான எதிரி மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு மாறும் இரண்டு நொடி இடைவெளியில் அனலாக் மிக்ஸர் அணைந்து, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து பாடும். டிஜிட்டல் மிக்ஸர் ஒரு கணினி. மறுபடி எழுந்து, தன்னைச் சரிபார்த்து ஒலி தருவதற்குள் பல நொடிகள், சிலவற்றில் ஒரு நிமிடம்கூட ஆகும். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் அது மிக நீண்ட நேரம். மிக்ஸரின் விலையோடு யூபிஎஸ் விலையையும் சேர்த்தே எண்ண வேண்டும், மேடைப் பெட்டிக்கும் தனியாக ஒன்று. ஃபேடரே இல்லாமல் டேப்லட் வழியாக மட்டும் இயங்கும் பெட்டிகளுக்கு இன்னொரு பலவீனம் இருக்கிறது. காலி அரங்கில் ஒத்திகையின்போது வைஃபை அற்புதமாக வேலை செய்யும். கூட்டம் நிரம்பியதும் ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு கைபேசி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல்களும் விழுங்குகின்றன. மைக் விசிலடிக்கும் அந்த நொடியில் திரை உறைந்து நின்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. கையால் தொடக்கூடிய ஒரு மாஸ்டர் கட்டுப்பாடாவது வேண்டும்.

ஸ்டுடியோவுக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே அந்தக் கணத்திலேயே கலந்து முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. லண்டனின் ஏபி ரோடு ஸ்டுடியோவில் 1968இல் இஎம்ஐ நிறுவிய டிஜி12345 கன்சோலுக்கு 24 மைக் நுழைவாயில்கள், 8 வெளிவழிகள். எட்டு ஏன்? டேப்பில் தடங்கள் எட்டு. அடுத்த ஆண்டு பீட்டில்ஸின் 'ஏபி ரோடு' அதில் உருவானது. ஸ்டுடியோ கன்சோலையும் அன்று வெளிவழிகளை எண்ணித்தான் கட்டினார்கள்.

கன்சோலின் ஒரு துணைச் சுற்றே இசையின் போக்கை மாற்றியதும் உண்டு. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் இருந்த எஸ்எஸ்எல் 4000 கன்சோலில், உள்ளே இருக்கும் கலைஞர்கள் பேசுவதைப் பொறியாளர் கேட்பதற்காக ஒரு மைக் வழி இருந்தது. தூரத்தில் முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும், பக்கத்தில் கத்தினாலும் காது வலிக்கக் கூடாது என்பதற்காக அதில் மூர்க்கமான ஒரு கம்ப்ரஸர். பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த வழி திறந்திருந்தது. அறை முழுவதையும் நசுக்கிக்கொண்டு வந்த அந்தப் பிரம்மாண்டமான ஒலி பொறியாளர் ஹியூ பாட்கமை உலுக்கியது. பதிவு செய்ய வழியே இல்லாத அந்தச் சுற்றை டேப்புக்குத் திருப்ப கன்சோலில் கம்பிகளை மாற்றி இணைத்தார்கள். 1980இல் ஆல்பம் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டின் டிரம்ஸ் ஒலியே அதன் வழியில் போயிற்று. பழைய நீவ், எஸ்எஸ்எல் கன்சோல்கள் மீது பொறியாளர்களுக்கு இருக்கும் பற்று வெறும் பழமைப் பாசம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவற்றின் சுற்றுகள் ஒலிக்கு ஒரு குணம் தருகின்றன.

ஆனாலும் வீட்டில் பதிவு செய்கிறவருக்குக் கன்சோல் தேவையில்லை. கூட்டுவதைக் கணினி மிகத் துல்லியமாகச் செய்துவிடுகிறது. மிதவைப் புள்ளிக் கணக்கில் உள்ளே ஒலி வெட்டுப்படவே இடமில்லை. தேவைப்படுவது ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிவாக வேண்டுமோ அத்தனை நல்ல ப்ரீஆம்புகள் கொண்ட ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். குரலும் கிதாரும் என்றால் இரண்டு. மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைத்துக் கச்சேரிக் குழு முழுவதையும் ஒன்றாகப் பதிவதானால் ஆறு. கணினி வழியே சுற்றிவரும் ஒலி பாடகரின் ஹெட்ஃபோனுக்குப் பத்து மில்லிநொடிக்கு மேல் பிந்தி வரலாம். அதைத் தவிர்க்க, உள்ளே வருவதை நேராகக் கேட்கும் வசதி பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

மேடையும் வேண்டும், பதிவும் வேண்டும் என்கிறவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. யூஎஸ்பி என்று எழுதிய பல அனலாக் மிக்ஸர்கள் கணினிக்குத் தருவது கலந்து முடித்த இரண்டே தடங்களை. வீட்டில் உட்கார்ந்து கடத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம் என்றால் முடியாது. ஒவ்வொரு மைக்கும் தனித் தடமாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். அந்தத் தடம் ஃபேடருக்கு முன்னால் பிரிகிறதா என்பது அடுத்த கேள்வி. பின்னால் பிரிந்தால் அரங்கத்துக்காகச் செய்த ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் பதிவில் உறைந்துவிடும்.

சென்னை ரிட்சி தெருவிலோ வேறெங்கோ, வாங்கும் நாளில் மூன்று பொருள்கள் கையில் இருக்கட்டும்: உங்களுக்குப் பழகிய ஹெட்ஃபோன், உங்கள் சொந்த மைக், எக்ஸ்எல்ஆர் முனை ஒன்றின் இரண்டாம் மூன்றாம் ஊசிகளுக்கிடையே பற்றவைத்த 150 ஓம் மின்தடை. மின்தடையை ஒவ்வொரு சேனலாகச் செருகி, கெயினை முழுதாகத் திருப்பி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். சீரான மெல்லிய மழைச் சத்தம் கேட்டால் அது நைக்விஸ்ட் சொன்ன இரைச்சல், அதில் கவலை இல்லை. ஒரு சேனல் மட்டும் படபடத்தாலோ ரீங்கரித்தாலோ அந்தச் சுற்று பழுது. பழைய மிக்ஸர் என்றால் எல்லாக் குமிழ்களையும் ஃபேடர்களையும் ஒலி ஓடும்போதே நகர்த்துங்கள், தூசி ஏறியது கரகரக்கும். பிறகு மைக்கைப் பிடித்து, எல்லா ஆக்ஸ் வழிகளிலும் ஒலி வெளியே வருகிறதா என்று ஒன்றொன்றாகப் பாருங்கள். கடைசியில், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஸ்பீக்கரை அணைத்துவைத்து, மிக்ஸரின் மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். அணைவதற்கு முன் இருந்த அமைப்பு அப்படியே திரும்பி வருகிறதா, ஒலி வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற யூபிஎஸ்ஸையும் அதே கடையில் கேட்டுவிடுங்கள்.